வெந்நீர் மட்டும் போதுமா?

மார்கழியும் தையும் நம் சமவெளிக்கும் குளிரைக் கொண்டுவரும் மாதங்கள். ஏற்காட்டிலும் கொல்லிமலை உச்சியிலும் வாழ்வோர் அறியும் குளிர் அன்று அது. எனினும் ராசிபுரம் வட்டத்து நாமகிரிப்பேட்டை போன்ற மலையடிவார ஊர்களில், வானம் தெளிந்திருக்கும் விடியற்காலைகளில் வெப்பநிலை 20 டிகிரி செல்சியசுக்கும் கீழே இறங்கிவிடுகிறது. ஒருபுறம் போதமலை, மறுபுறம் கொல்லிமலை. இரவில் மலைச்சரிவுகளில் குளிர்ந்து கனத்த காற்று, நீரைப் போலவே தாழ்வை நோக்கி வழிந்து அடிவாரத்து வயல்களிலும் வீடுகளிலும் வந்து தங்குகிறது. அதனோடு வாடைக்காற்றும் சேர்ந்துவிட்டால், பொழுது நன்றாக ஏறும்வரை உடல் நடுங்கவே செய்யும்.

ஆண்டில் பெரும்பகுதியை வெயிலோடு போராடிக் கழிக்கும் நாம், இந்த இரண்டு மாதக் குளிரைப் பெரிதாக எண்ணுவதில்லை. வீடு கட்டும்போதும், வெப்பத்தை வெளியேற்றுவது எப்படி, காற்றை உள்ளே வரவழைப்பது எப்படி என்பதே நம் கவலை. அது முறையானதுதான். ஆனால் குளியலறையைப் பற்றித் தனியாக எண்ணுவோர் சிலரே. வீட்டைவிட்டுச் சற்றுத் தள்ளி, பொடக்காலியில் நான்கு சுவர் எழுப்பி, மேலே ஒரு சிமெண்ட் ஷீட்டைப் போட்டு, தகரக் கதவு ஒன்றை மாட்டிவிட்டால் குளியலறை முடிந்தது என்று இருந்துவிடுகிறோம்.

அதன் பயனை அனுபவிப்போர் வீட்டிலுள்ள முதியவர்கள். “இன்னைக்கு வேண்டாம் கண்ணு, நாளைக்குத் தண்ணி வாத்துக்கறேன்” என்று பாட்டி சொல்லும்போது, அவருக்குச் சோம்பல் என்று சிறியவர்கள் நகைக்கின்றனர். நாளை என்பது நாளை மறுநாளாகிறது. உடலில் வியர்வை நாற்றமும் தோலில் அரிப்பும் தோன்றுகின்றன. பிறர் அருகில் அமரத் தயங்குவதை அவரே உணர்ந்து, திண்ணையின் மூலைக்கு ஒதுங்கிவிடுகிறார். உண்மையில் அவர் நீருக்கு அஞ்சவில்லை. மருமகள் அண்டா நிறைய வெந்நீர் காய்ச்சித்தான் வைத்திருக்கிறார். அவர் அஞ்சுவது அந்த அறைக்கு. ஆடை களைந்து நிற்கும் முதல் நிமிடத்திற்கும், கடைசிச் செம்பு நீரை ஊற்றிய பின் ஈர உடலோடு நிற்கும் நிமிடங்களுக்கும் அஞ்சுகிறார்.

நாம் நீரைச் சூடாக்குகிறோம், அறையை மறந்துவிடுகிறோம். இக்கட்டுரை சொல்ல விழைவது இதுவே. பெரும்பொருள் செலவிடாமல், எந்த ஆபத்தையும் வீட்டுக்குள் வரவழைக்காமல், அந்த அறையை நம் பெரியவர்களுக்கும் குழந்தைகளுக்கும் இதமானதாக ஆக்குவது எப்படி என்று பார்ப்போம்.

குளிர் எங்கிருந்து வருகிறது?

குளியலறையில் உடல் நான்கு வழிகளில் வெப்பத்தை இழக்கிறது. கதவிடுக்கிலும் ஜன்னல் வழியாகவும் நுழையும் காற்று, உடலைச் சுற்றியுள்ள வெதுவெதுப்பை அடித்துச் சென்றுவிடுகிறது. சிமெண்டுத் தரை, பாதங்களின் வழியே வெப்பத்தை உறிஞ்சுகிறது. இரவெல்லாம் குளிர்ந்த கூரையும் சுவர்களும், தொடாமலே நம் உடல் வெப்பத்தை வாங்கிக்கொள்கின்றன. இம்மூன்றையும்விட வலிமையானது நான்காவது வழி. அது உடலின் மேலுள்ள ஈரம் ஆவியாதல்.

மண்பானையில் நீர் குளிர்வது எதனால் என்பதைப் பள்ளிச் சிறுவரும் அறிவர். பானையின் புறத்தே கசியும் நீர் ஆவியாகும்போது பானையின் வெப்பத்தை எடுத்துச் செல்கிறது. குளித்து முடித்து ஈரத்தோடு நிற்கும் மனித உடலும் அந்நேரத்தில் ஒரு மண்பானையே. உடற்சூட்டில் ஒரு கிராம் நீர் ஆவியாவதற்கு ஏறத்தாழ 580 கலோரி வெப்பம் தேவை. தலைமுடியிலும் மேனியிலும் தங்கும் ஈரம் 50 கிராம் என்று கொண்டால், அது முழுவதும் ஆவியாகப் பிடிக்கும் வெப்பத்தைக் கொண்டு ஏறத்தாழ ஒன்றரை லிட்டர் நீரை 20 டிகிரி சூடேற்றிவிடலாம். அவ்வெப்பத்தில் பெரும்பங்கு நம் உடலிலிருந்தே போகிறது. காற்று வீசினால் ஆவியாதல் மேலும் விரைகிறது. எவ்வளவு சூடான நீரில் குளித்தாலும், குளித்த பின் நடுங்குவதன் காரணம் இதுவே.

ஆகவே செய்ய வேண்டுவனவும் தெளிவு. காற்றை மறிக்க வேண்டும். கூரைக்கும் தரைக்கும் ஒரு தடுப்புத் தர வேண்டும். ஈரத்தை விரைவில் துடைக்க வேண்டும். இவற்றிற்குப் பின்னரே வெந்நீரைப் பற்றிய பேச்சு.

முதலில் காற்றை மறிப்போம்

குளிர்காலத்துக் காற்று நம் பக்கத்தில் பெரும்பாலும் வடக்கிலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் வருவது. குளியலறையின் கதவு அத்திசையை நோக்கியிருந்தால், கதவுக்கு முன்னே மூன்றடி தள்ளி ஒரு மறைப்புச் சுவரோ, தென்னந்தடுக்குத் தட்டியோ வைத்துவிடுங்கள். இதனால் காற்று நேரே பாயாது, மறைவும் கிடைக்கும். தகரக் கதவின் அடியில் நான்கு விரல் இடைவெளி இருப்பது வழக்கம். பழைய சைக்கிள் டியூப்பை நீளவாட்டில் வெட்டி, கதவின் கீழ் விளிம்பில் மரச்சட்டத்தோடு சேர்த்து ஆணியடித்தால் அவ்விடைவெளி அடைபடும். நீர் பட்டாலும் அது அழுகாது.

சுவரின் மேற்பகுதியில் சிமெண்ட் ஜாலி வைத்திருப்போம். கோடையில் அது நன்மை, மார்கழியில் தொல்லை. அதை நிரந்தரமாக அடைத்துவிடலாகாது. கீல் வைத்த ஒரு சிறு பலகையை உட்புறம் பொருத்தி, குளிக்கும்போது மூடவும், குளித்து முடித்ததும் திறக்கவும் வகை செய்வதே நன்று. உள்ளே தங்கும் நீராவி வெளியேறாவிட்டால் சுவரில் பூஞ்சணம் படரும். அறை ஒருபோதும் உலராது. உலராத அறை மறுநாளும் குளிர்ந்தே கிடக்கும். ஆகவே குளிக்கும்போது மூடல், குளித்த பின் திறத்தல் என்பது வீட்டாரின் பழக்கமாக வேண்டும். இங்கு ஒரு கண்டிப்பான விதிவிலக்கு உண்டு: அறைக்குள் எவ்வகை நெருப்பு எரிந்தாலும் காற்றுவழியை மூடவே கூடாது. அதைப் பின்னர் விளக்குவோம்.

கூரையும் தரையும்

ஒற்றைச் சிமெண்ட் ஷீட்டோ தகரமோ தெளிந்த வானத்தின் கீழ் இரவு முழுவதும் வெப்பத்தை இழந்துகொண்டே இருக்கும். விடியற்காலையில் அது வெளிக்காற்றைவிடவும் குளிர்ந்திருப்பதுண்டு. அதன் மேல் பனித்துளிகள் அரும்பி நிற்பதே சான்று. அந்தக் கூரைக்குக் கீழே ஒரு சாண் இடைவெளி விட்டு மூங்கில் பிளாச்சுகளைக் கட்டி, பனையோலைப் பாயையோ மூங்கில் தட்டியையோ விரித்தால், இடையிலுள்ள காற்று ஒரு போர்வையாக நின்று குளிரைத் தடுக்கும். சித்திரை வெயிலில் அதே தட்டி வெப்பத்தையும் தடுக்கும். மஞ்சள் வேகும் கொப்பரையின் மேல் மஞ்சள் தாளையும் கோணிச்சாக்கையும் போட்டு மூடி ஆவியைக் காப்பது இப்பகுதி உழவர்கள் அறிந்த செயல். கொப்பரைக்கு மூடி எப்படியோ, அறைக்குக் கூரைத் தட்டி அப்படி.

ஓர் எச்சரிக்கை. பழைய சிமெண்ட் ஷீட்டுகள் ஆஸ்பெஸ்டாஸ் நார் கலந்தவை. அவற்றை அறுப்பதும் துளையிடுவதும் வேண்டாம். அப்போது பறக்கும் நுண்துகள் நுரையீரலில் தங்கிப் பல்லாண்டுகளுக்குப் பின்னும் கொடிய நோய்களை விளைவிக்கக்கூடியது. தட்டியைச் சுவரோடும் சட்டத்தோடும் பிணைத்துக்கட்டினால் ஷீட்டைத் தொட வேண்டிய தேவையே எழாது.

இனித் தரை. சிமெண்டும் ஓடும் கல்லும் வெப்பத்தை விரைவாகக் கடத்துவன. மரம் மெதுவாகவே கடத்தும். அதனால்தான் ஒரே அறையில் கிடந்தாலும் கல் சில்லென்றும் பலகை இதமாகவும் தோன்றுகின்றன. இடைவெளி விட்டு அடித்த மரச்சட்டப் பலகை ஒன்றைத் தரையில் போட்டு, அதன் மேல் பாதங்களை வைத்துக் குளிப்பது முதியோர்க்குப் பெரும் ஆறுதல். பலகையை நாள்தோறும் வெயிலில் சாய்த்து உலர்த்த வேண்டும். இல்லையேல் பாசி பிடித்து வழுக்கும். பலகை ஆடாமல் அசையாமல் நிற்பதையும் உறுதி செய்துகொள்ளுங்கள். அது கிடைக்காதவர்கள் துளையுள்ள ரப்பர் விரிப்பைப் போடலாம்.

தரையில் நீர் தேங்கினால் அறை சூடேறாது. புதிதாகக் கட்டுவோர், இரண்டு அடிக்கு அரை அங்குலம் என்ற கணக்கில் தரைக்குச் சரிவு கொடுக்கும்படி கொத்தனாரிடம் கூறிவிட வேண்டும். குளித்து முடித்தவர் தேங்கிய நீரைத் தள்ளிவிட்டு வெளியே வருவதை வீட்டின் ஒழுங்காக வைத்துக்கொண்டால், அடுத்துக் குளிக்க வருபவருக்கு அது செய்யும் உதவி சிறிதன்று.

புதிய குளியலறை எழுப்புவோர்க்கு இன்னொரு சொல். அதைச் சமையலறைச் சுவரை ஒட்டி அமைப்பது நலம். அடுப்பின் வெப்பம் சுவருக்கு ஓரளவு வந்து சேரும்; வெந்நீரைத் தூக்கிக்கொண்டு முற்றம் கடக்க வேண்டியதில்லை; முதியவர் இரவில் பனியில் நடக்க வேண்டியதும் இல்லை. கிழக்குச் சுவரில் ஓர் உயர்ந்த சிறு கண்ணாடி ஜன்னல் வைத்தால் காலை வெயில் உள்ளே விழும். செலவில்லாத வெப்பம் அதுவே.

அடுப்பின் வாய் வெளியே இருக்கட்டும்

நம் முன்னோர் வெந்நீர் போடுவதற்குக் கண்ட வழிகள் சிறந்தவை. நடுவே புகைபோக்கி வைத்த செம்புப் பாய்லரைப் பலர் இன்னும் பாதுகாத்து வருகின்றனர். கொட்டாங்குச்சியும் சோளத்தட்டையும் போட்டால் போதும். சற்று நேரத்தில் நீர் கொதித்துவிடும். மரவள்ளி விளையும் சேலம், நாமக்கல் பக்கங்களில் கிழங்கு பிடுங்கிய பின் எஞ்சும் குச்சிகளே ஆண்டு முழுமைக்கும் விறகாவதுண்டு. அண்டாவை மூடி வைத்துக் காய்ச்சினால் விறகும் மிச்சம், நேரமும் மிச்சம்.

கன்னட நாட்டின் மலைநாட்டுப் பகுதியில், மழையும் குளிரும் மிகுந்த இடங்களில், பழைய வீடுகளின் குளியலறைகளில் ‘ஹண்டே’ எனப்படும் பெரிய செம்புக் கொப்பரையை மேடை கட்டிப் பதித்து வைப்பர். அடியில் நெருப்பு, மேலே வெந்நீர். சூடேறிய கட்டுமானம் அறையையும் கதகதப்பாக்கும். பண்டைய ரோமானியர் தம் பொதுக் குளியற்கூடங்களின் தரையைச் சிறு தூண்களின் மேல் உயர்த்தி, அடியில் சூடான காற்றைச் செலுத்தித் தரையையே சூடாக்கினர். கொரியர்கள் சமையல் அடுப்பின் புகையைத் தரைக்கு அடியில் ஓடவிட்டு வீட்டையே சூடாக்கினர். நாடும் காலமும் வேறாயினும் கருத்து ஒன்றே: நீரை மட்டும் அல்ல, மனிதன் நிற்கும் இடத்தையும் சூடாக்க வேண்டும் என்பதை அவர்கள் உணர்ந்திருந்தனர்.

நம் வீடுகளில் இதைச் செய்ய விரும்புவோர் ஒரு விதியைக் கைக்கொள்ள வேண்டும். அண்டா சுவரில் பதிந்து உட்புறம் இருக்கலாம். அடுப்பின் வாயும் புகைபோக்கியும் சுவருக்கு வெளியே இருக்க வேண்டும். புகை உள்ளே வராது. நெருப்புப் பொறி ஆடையில் படாது. சுவரின் சூடு மட்டும் அறைக்குள் பரவும்.

அடுப்பு கட்ட இடமில்லாதோர்க்கு ஓர் எளிய உத்தி உண்டு. முதியவர் உள்ளே வருவதற்குச் சற்று முன்னர், கதவையும் ஜாலிப் பலகையையும் மூடிவிட்டு, இரண்டு செம்பு வெந்நீரைத் தரையிலும் சுவரின் கீழ்ப்பகுதியிலும் ஊற்றுங்கள். ஆவி எழுந்து அறை முழுவதும் வெதுவெதுப்பாகும். பின்னர் தேங்கிய நீரைத் தள்ளிவிட்டு, “அத்தை, தண்ணி காஞ்சிருச்சுங்க, வாங்க” என்று அழையுங்கள். இரண்டு செம்பு நீரில் கிடைக்கும் இந்தப் பயன், அவர் மேல் ஊற்றும் இருபது செம்பிலும் கிடைக்காது.

உயிரை விலையாகக் கேட்கும் வெப்பம்

குளிரை நீக்க நாம் கையாளும் சில வழிகள் குளிரைவிடக் கொடியவை. இதை வாசிப்போர் மற்றவற்றை மறந்தாலும் இப்பகுதியை மறவாதிருக்க வேண்டுகிறோம்.

முதலாவது, கரிநெருப்பு. பிள்ளை பெற்ற தாய்க்கும் சேய்க்கும் குளிர் தாக்காதிருக்கத் தணல் சட்டியை அறைக்குள் வைத்துக் கதவடைக்கும் வழக்கம் சில வீடுகளில் உண்டு. புகையில்லாத தணல் தீங்கற்றது என்று எண்ணுகின்றனர். அது தவறு. போதிய காற்று கிடைக்காமல் எரியும் கரியிலிருந்து கார்பன் மோனாக்சைடு என்னும் நச்சுவாயு எழுகிறது. அதற்கு நிறமில்லை, மணமில்லை. நம் இரத்தத்திலுள்ள சிவப்புப் பொருளோடு, உயிர்வளியைவிட இருநூறு மடங்குக்கு மேற்பட்ட பற்றுடன் அது ஒட்டிக்கொள்கிறது. தலைவலியும் மயக்கமும் தோன்றி, எழுந்து கதவைத் திறக்கும் வலிமையும் இல்லாது போய், உயிரே பிரிந்துவிடக்கூடும்.

இரண்டாவது, கேஸ் கீசர். சமையல் எரிவாயுவால் நொடியில் வெந்நீர் தரும் இச்சாதனத்தைச் சிறு குளியலறைக்குள் பொருத்துவோர் உண்டு. மூடிய அறையில் அதன் சுவாலை, உள்ளிருக்கும் உயிர்வளியைத் தின்றுவிடுகிறது. பின்னர் அதே நச்சுவாயுவை உமிழத் தொடங்குகிறது. குளிர்காலந்தோறும் இந்திய நகரங்களில் குளியலறைக்குள் மயங்கிக் கிடந்து இறந்தோரைப் பற்றிச் செய்தித்தாள்களில் படிக்கிறோம். உயிர் தப்பியவர்கள் சிலருக்கு மூளை பாதிக்கப்பட்டதையும் நம் நாட்டு மருத்துவர்கள் பதிவு செய்துள்ளனர். கேஸ் கீசரும் அதன் சிலிண்டரும் காற்றோட்டமுள்ள வெளியிடத்தில் இருக்க வேண்டும். குழாய் மட்டுமே உள்ளே வர வேண்டும். உள்ளே பொருத்தியிருப்போர் இன்றே அதை மாற்ற முயலட்டும். மாற்றும் வரை, வாளியில் நீரைப் பிடித்துக்கொண்டு, கீசரை அணைத்துவிட்டு, கதவைச் சற்று நேரம் திறந்து வைத்த பின்னரே குளிக்கச் செல்லுங்கள். குளிக்கப் போனவர் குரல் கொடுத்தும் பதில் கூறாவிட்டால் தயங்காமல் கதவை உடையுங்கள். அவரை வெளிக்காற்றுக்குக் கொண்டுவந்து உடனே மருத்துவமனைக்கு எடுத்துச் செல்லுங்கள்.

மூன்றாவது, வாளிக்குள் போடும் மின்சாரச் சூட்டுக் கம்பி. 1500 வாட் கம்பி ஒன்று 20 லிட்டர் நீரை 20 டிகிரியிலிருந்து 40 டிகிரிக்குச் சூடாக்க ஏறத்தாழ 20 நிமிடம் எடுக்கும். மின்சாரச் செலவு அரை யூனிட் அளவே. சிக்கனமானதுதான். ஆனால் சூடு வந்துவிட்டதா என்று பார்க்க நீரில் விரலை வைத்து உயிரிழந்தவர் பலர். சுவிட்சை அணைத்து, பிளக்கையும் பிடுங்கிய பின்னரே நீரையோ வாளியையோ தொட வேண்டும். இரும்பு, பித்தளை, எவர்சில்வர் வாளிகளில் கம்பியைப் போடவே கூடாது. சிறுவர்கள் நடமாடும் இடத்தில் விட்டுவிட்டு அகலவும் கூடாது. மின்சாரக் கீசர் வைப்போர் சுவிட்சை அறைக்கு வெளியே அமைக்கட்டும். எர்த் இணைப்பு சரியாக உள்ளதா என்று தகுதியுள்ள எலெக்ட்ரீஷியனைக் கொண்டு சோதிக்கட்டும். மின்கசிவு ஏற்பட்ட கணத்திலேயே மின்சாரத்தைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. என்னும் சாதனத்தை வீட்டு மின்பலகையில் பொருத்துவது உயிர்க்காப்பு. அறையைச் சூடாக்கவென்று கம்பி சிவக்கும் மின் ஹீட்டரை ஈரமான குளியலறைக்குள் கொண்டுசெல்வது ஒருபோதும் தகாது.

முதியோரின் உடலும் குளியலும்

குளிர் பட்டதும் தோலிலுள்ள இரத்தக் குழாய்கள் சுருங்குகின்றன. இரத்த அழுத்தம் ஏறுகிறது. உடனே மிகச் சூடான நீரை ஊற்றினால் அவை விரிந்து, அழுத்தம் இறங்குகிறது. இளையவர் உடல் இவ்வேற்றத் தாழ்வைத் தாங்கிக்கொள்ளும். முதியவருக்கோ தலை சுற்றும், கால் தடுமாறும், இதய நோயுள்ளோர்க்குப் பேராபத்தும் நேரலாம். ஜப்பான் நாட்டில் குளிர்ந்த வீடுகளில் வெந்நீர்த் தொட்டியில் இறங்கி உயிரிழக்கும் முதியோரின் எண்ணிக்கை, அங்கே சாலை விபத்துகளில் இறக்கும் முதியோரின் எண்ணிக்கையைவிட மிகுதி. ஆகவே அந்நாட்டு அரசு, ஆடை மாற்றும் இடத்தையும் குளியலறையையும் முன்கூட்டியே சூடாக்குமாறும், தொட்டி நீர் 41 டிகிரியைத் தாண்டாதிருக்குமாறும், பத்து நிமிடத்திற்குமேல் நீரில் இருக்க வேண்டாம் என்றும் மக்களுக்கு அறிவுறுத்துகிறது. நம் வீடுகளில் தொட்டி இல்லை. எனினும் பாடம் நமக்கும் பொருந்தும்: அறையை இதமாக்கினால், நீரைக் கொதிக்கவிட வேண்டியதில்லை.

சூட்டின் அளவிலும் கவனம் வேண்டும். 60 டிகிரிச் சூடுள்ள நீர் தோலை ஐந்து விநாடிகளிலேயே புண்ணாக்கிவிடும். நீரிழிவு நோயால் கால் மரத்துப் போனவர்களுக்கு அச்சூடு தெரிவதே இல்லை. கொப்புளம் கண்ட பின்னரே அறிவர். ஆகவே விளாவும்போது முதலில் தண்ணீரை ஊற்றி, பின்னர் வெந்நீரைக் கலப்பதை வழக்கமாக்குங்கள். நலமுள்ள ஒருவர் தம் முழங்கையை நனைத்துப் பார்த்த பின்னரே பெரியவரிடம் கொடுங்கள்.

முதியவரை நிற்க வைத்துக் குளிப்பாட்ட வேண்டாம். உறுதியான முக்காலியோ கைப்பிடி வைத்த நாற்காலியோ போட்டு அமரச் செய்யுங்கள். எழும்போது பற்றிக்கொள்ளச் சுவரில் ஒரு கைப்பிடிக் கம்பி இருக்கட்டும். ஆடைகளை முழுவதும் ஒரே நேரத்தில் களையச் செய்யாமல், தோளில் ஒரு துண்டைப் போர்த்தி, பகுதி பகுதியாக நீரூற்றினால் நடுக்கம் குறையும், கூச்சமும் குறையும். தலைக்குக் கடைசியாக ஊற்றி, உடனே ஈரம் போகத் துவட்டிவிடுங்கள். துவட்டும் துண்டும் மாற்று உடையும் கைக்கெட்டும் கொடியில் இருக்கட்டும். அந்தத் துண்டை வெந்நீர் அண்டாவின் மூடியின் மேல் சற்று நேரம் மடித்து வைத்திருந்தால், அதன் சூட்டைப் பாட்டி வாழ்த்துவார். உடை மாற்றுதல் அறைக்குள்ளேயே நிகழ வேண்டும். ஈரச்சேலையோடு முற்றத்தைக் கடக்கவிடுவது நோயை அழைப்பதாகும். எண்ணெய் தேய்த்துக் குளித்த நாளில் தரையைச் சீயக்காய்த் தூளோ சோப்போ இட்டுத் தேய்த்துக் கழுவுங்கள். முதுமையில் முறியும் இடுப்பெலும்பு, குடும்பம் முழுவதையும் முறித்துவிடும்.

பச்சிளங்குழந்தைக்கு

பிறந்த குழந்தையின் உடல் தன் சூட்டைத் தானே காத்துக்கொள்ளும் ஆற்றல் பெற்றிருப்பதில்லை. பிறந்து 24 மணி நேரம் ஆகும்வரை குளிப்பாட்ட வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. எடை குறைந்து பிறந்த குழந்தைக்கு மருத்துவரின் சொற்படியே நடக்க வேண்டும். குழந்தையைக் குளிப்பாட்டும் நீர், தாயின் உடற்சூடான 37 டிகிரியை ஒட்டி இருந்தால் போதும். விடியற்காலையில் பொடக்காலியில் குளிப்பாட்டும் வழக்கத்தை இம்மாதங்களில் விட்டுவிட்டு, முற்பகல் வெயில் ஏறிய பின், காற்று வீசாத உள்ளறையில் குளிப்பாட்டுங்கள். பித்தளைப் பாத்திரத்தில் நீர் நிரப்பி வெயிலில் வைக்கும் பழைய வழக்கம் நல்லதே. குளிப்பாட்டும் முன் வெந்நீர் சிறிது கலந்து, முழங்கையால் சூடு பார்த்துக்கொள்ளுங்கள். குளியல் சில நிமிடங்களுக்குள் முடிந்துவிட வேண்டும். உடனே துவட்டி, தலைக்குத் தொப்பி அணிவித்து, தாயின் மார்போடு சேர்த்து அணைத்துக்கொள்வதே குழந்தைக்கு உகந்த வெப்பம். சாம்பிராணிப் புகை பிஞ்சு நுரையீரலுக்கு ஒவ்வாது, அதைத் தவிர்த்துவிடுங்கள்.

நேரத்தை மாற்றினாலே போதும்

குளியலறையைத் திருத்த இன்று வசதியில்லை என்போரும் ஒன்று செய்யலாம். குளிக்கும் நேரத்தை மாற்றலாம். விடியலில் குளித்தே ஆக வேண்டும் என்பது உழைக்கச் செல்வோர்க்கும் பள்ளி செல்வோர்க்கும் தேவையாயிருக்கலாம். எழுபது வயதைக் கடந்தவர்க்கு அந்தத் தேவை இல்லை. முற்பகல் பதினோரு மணிக்கும் பிற்பகல் மூன்று மணிக்கும் இடையில், சுவரும் கூரையும் வெயிலில் காய்ந்திருக்கும் வேளையில், அதே அறை வேறோர் அறையாக இருக்கும். கிறிஸ்து பிறப்பு விழாவின் நள்ளிரவுத் திருப்பலிக்குச் செல்லும் பெரியவர்களும் இரவு பத்து மணிக்குக் குளிக்க வேண்டியதில்லை. அன்று பிற்பகலிலேயே குளித்துத் தலை நன்கு உலர்ந்த பின், புத்தாடையும் கம்பளியும் அணிந்து வரலாம்.

நம் இல்லங்களில் வரவேற்பறைக்குப் பளிங்குத் தரை போடுகிறோம்; வாசலுக்கு வண்ணம் அடிக்கிறோம். விருந்தினர் காணும் இடங்கள் அவை. வீட்டின் மூத்தவர் நாள்தோறும் தனியே நடுங்கும் அறையை யாரும் காண்பதில்லை. இந்த வார இறுதியில், சிறுவர்களையும் துணைக்கு அழைத்துக்கொண்டு, விடியற்காலையில் ஒரு முறை அந்த அறைக்குள் போய் நின்று பாருங்கள். காற்று எங்கே நுழைகிறது, கால் எங்கே குளிர்கிறது, நீர் எங்கே தேங்குகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். ஒரு தட்டி, ஒரு பலகை, ஒரு கைப்பிடி, ஒரு சைக்கிள் டியூப்: பெரும்பாலான வீடுகளில் வேலை இவ்வளவே. அதன் பின் பாட்டி “நாளைக்கு” என்று சொல்வது தானே குறைந்துவிடும்.